தண்ணீர் வரும் நேரத்தில்

காலையில் குழாயில் தண்ணீர் விடுகிற நேரத்துக்குச் சரியாகக் கரண்ட் போய்விடும். தண்ணீர் நின்றதும் வந்துவிடும். சொல்லி வைத்தாற்போல் தினமும் இதே கூத்து.

தையல்காரிக்கு வயிறு எரிந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சீருடைகளைத் தைத்துக் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஆர்டர் டவுன் கடைக்குப் போய்விடும். மிஷினில் மோட்டார் மாட்டியதிலிருந்து காலால் மிதிக்கிற பழக்கமும் விட்டுப்போயிற்று. சமையலுக்கு முன்னால் கிடைக்கிற கொஞ்ச நேரத்தையும் இந்த லைன்மேன் கரண்டை நிறுத்தி முழுங்கினால் அவள் எப்போதுதான் தைப்பாள்?

தெருக்கோடி வீடு அவளுடையது. புதுக் குழாய் போட்டும் வெகுநாள் அது வெறும் காற்றைத்தான் ஊதிக்கொண்டிருந்தது. குடமும் கையுமாகக் கிணற்றுக்கு நடந்தே அவளுக்கும் புருஷனுக்கும் இடுப்பு ஒடிந்தது. இப்போது கொஞ்ச நாளாகத்தான் நன்றாக வருகிறது. வருகிற தண்ணீரை யாராவது ஏன் என்று கேட்பார்களா? அவர்களும் கேட்கவில்லை.

"நீ போய்க் கேளு தங்கச்சி. நாங்க சொன்னா அவன் காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறான்" என்று ஏற்றிவிட்டார், தெருவின் முதல் வீட்டு மளிகைக்கடைக்காரர்.

போனாள். லைன்மேனை வாசலிலேயே நிற்க வைத்துப் பொரிந்து தள்ளினாள். அடுத்தவர் பிழைப்பைக் கெடுக்கிறவன் உருப்படுவானா என்றுகூடக் கேட்டுவிட்டாள். அவனுக்குக் கோபமே வரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

"நாளைக்கு நிறுத்தலக்கா. அதுக்கப்புறமும் நீங்க இதையே சொன்னா, இனிமே எப்பவுமே நிறுத்தல."

மறுநாள் கரண்ட் போகவில்லை. அவளுக்கு ஒரே குஷி. மிஷின் குதிரையாய் ஓடியது.

குழாயடியிலிருந்து புருஷன் குரல் கொடுத்தார். "என்னடி, சீறுது, சொட்டுத் தண்ணியக் காணோம்?"

கொஞ்சம் பொறுங்கள், வரும் என்றாள். வரவில்லை. கடைசியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவளே தெருவில் ஏறி நடந்தாள்.

வீட்டுக்கு வீடு உர்ரென்று சத்தம். குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி ஆளாளுக்கு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். மளிகைக்கடைக்காரர் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி, தெருவில் வழிந்து ஓடியது.

"பாத்தியா தங்கச்சி, நீ ஒரு சத்தம் போட்டதும் வழிக்கு வந்துட்டான். எல்லாம் உன் புண்ணியம்" என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக.

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என்னென்ன பேசிவிட்டோம் அந்த மனுஷனை! வெறுங்குடத்தோடு நேராக லைன்மேன் வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த நாள் காலை, தண்ணீர் வந்ததும் கரண்ட் போயிற்று. மளிகைக்கடைக்காரர் மூச்சிரைக்கத் தெருக்கோடிக்கு வந்தார். குழாயடியில் புருஷன் நிதானமாகக் குடம் குடமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். தையல்காரி மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடியும் நிறுத்திட்டான் பாரு தங்கச்சி. யார் குடுத்த தைரியம்னு போய்க் கேளு."

"கேக்கவே வேணாம்ண்ணே" என்றாள், மிதிப்பதை நிறுத்தாமல். "நான் குடுத்ததுதான்."