முதல் வாணம்

“தைரியராஜுக்கு ஆம்பளைப் புள்ள இல்லைங்கறதுக்காக, போட்டிப் படகுலயும் பொம்பளைப் புள்ளைய ஏத்தி விடணுமா?”

சகாயநாதன் இதைக் கேட்டது யாரையும் பார்த்து அல்ல, காவிரியைப் பார்த்து. கடைசி ஆளாகக் கரையிலிருந்து ஓடி வந்து, சேலை நனையப் படகில் ஏறிய லூர்துராணி முந்தானையைப் பிழிந்துகொண்டாள். மூச்சு வாங்கப் பலகையில் உட்கார்ந்தாள். படகுக்கார வீரமலை துடுப்பைப் போட்டான்.

முக்கொம்புக்குக் கிழக்கே அந்த ஊரில் மாதா கோயில் திருவிழா என்றால் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் வாணவேடிக்கைப் போட்டி. கரையில் நின்று தீர்ப்புச் சொல்கிற நடுவருக்குக் கூச்சலில் காது போகும். சில வருஷம் சட்டையும் போயிருக்கிறது. அதனால் நடுவரைப் படகில் ஏற்றி நடு ஆற்றுக்கு அனுப்பிவிடுவார்கள். துணைக்குத் தெருவுக்கு ஓர் ஆள். எந்த வாணம் எந்தத் தெருவுடையது என்று படகில் யாரும் சொல்லக் கூடாது. தீர்ப்பு எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் படகு கரைக்குத் திரும்பும்.

எண்பத்திரண்டாம் வருஷ நடுவர், ஸ்ரீரங்கத்து ஓவிய வாத்தியார் ஸ்ரீரங்கராஜன். இரண்டு தெருவிலும் பெண் எடுக்காதவர், கொடுக்காதவர் என்று பங்குச் சாமியாரே தேடிப் பிடித்த ஆள். மேலத்தெரு நாட்டாண்மையான சகாயநாதன் ஒரு மணி நேரம் முன்னதாகவே அவரைப் படகில் உட்கார வைத்து, முறுக்கும் காப்பியுமாக உபசரித்துப் பார்த்தார். வாத்தியார் வெற்றிலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இந்த வருஷம் இது வெறும் விளையாட்டுப் போட்டி இல்லை. ஜெயிக்கிற தெருவின் வாணக்காரருக்குத்தான் இனிமேல் மொத்தத் திருவிழா வாண வேலையும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. கீழத்தெரு வாணக்காரரான தைரியராஜ் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். ஆறு மாதமாக வெடிமருந்தை இடித்துக் குழலில் கிட்டித்து, திரி வைத்து, அத்தனை வாணமும் கட்டியது மகள் லூர்துராணிதான். தோற்றால் வாணம் கட்டும் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

“ஏம்மா, மருந்து இடிக்கிறதுன்னா மாவு இடிக்கிற மாதிரின்னு நெனச்சியா?” என்றார் சகாயநாதன்.

“ரெண்டுக்கும் பதம் வேணும் மாமா.”

“வாயப் பாரு! சார், நாங்க இந்த வருஷம் வெளியூர்க் கோஷ்டிய எறக்கியிருக்கோம். அவங்க வேலைய நானே இன்னும் பாக்கல. இருபது வருஷமா மொத வாணம்...”

“ஓய்! சொல்லப்படாது!” வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டார். “நேக்கு ஒண்ணாவது, ரெண்டாவது. அவ்வளவுதான்.”

சகாயநாதன் நாக்கைக் கடித்துக்கொண்டார். முதல் வாணம் மேலத்தெருவுக்கு என்பது அந்த ஊரில் இருபது வருஷ மரியாதை. வாத்தியாருக்குத்தான் அது தெரியாதே தவிர, ஆற்று மீனுக்குக்கூடத் தெரியும்.

கோயில் மணி ஏழு அடித்தது. கரையிலிருந்து சீறிக்கொண்டு கிளம்பிய முதல் வாணம் உச்சிக்குப் போய் வெடித்துப் பச்சைப் பூவாக விரிந்தது. அது வாடுவதற்குள் அதன் நடுவிலிருந்து சிவப்பாக இன்னொரு பூ. கீழே தண்ணீரிலும் அதே இரண்டு பூக்கள். வீரமலை துடுப்புப் போடவே மறந்துவிட்டான்.

“பேஷ்! என்ன வர்ணம்!” என்றார் வாத்தியார்.

சகாயநாதன் தொடையைத் தட்டினார். “கைன்னா இது கை சார்! இந்தக் கைக்குத் தங்கக் காப்பே போடலாம்!”

ஒவ்வொரு வாணத்துக்கும் அவர் எழுந்து நின்றார். படகு ஆடியது. லூர்துராணி படகின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

“அழாத பாப்பா. எல்லாராலயும் இப்படிக் கட்டிட முடியுமா? பாத்துக் கத்துக்க.”

“சரிங்க மாமா.”

அரை மணி கழித்து இரண்டாவது கோஷ்டி ஆரம்பித்தது. வெள்ளி மழை ஒன்று நன்றாகத்தான் கொட்டியது. அடுத்தது பாதி உயரத்திலேயே திணறி, சாய்ந்து, படகுக்குப் பத்தடி தள்ளித் தண்ணீரில் விழுந்து புஸ்ஸென்று அணைந்தது. அதற்கடுத்ததும் அப்படியே.

சகாயநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நமத்த மருந்து! இவங்கள்லாம் அடுப்பங்கரையிலயே இருந்திருக்கலாம்!”

“அப்படிச் சொல்லாதீங்க மாமா. இதுக்கும் ராப்பகலா ஒழைச்சிருப்பாங்கல்ல?”

எல்லாம் முடிந்ததும் வாத்தியார் தாளை மடியில் வைத்து டார்ச் வெளிச்சத்தில் யோசித்தார். அவர் இளகிய மனசுக்காரர்.

“அந்த வெள்ளி மழை நன்னாத்தான் இருந்தது. பேசாம ரெண்டு கோஷ்டிக்கும் பாதிப் பாதின்னு எழுதிடட்டுமா?”

லூர்துராணி சட்டென்று நிமிர்ந்தாள். சகாயநாதனுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“பாதியா? மனசாட்சியோட எழுதுங்க சார்! ஒண்ணாவதுதான் ஜெயிச்சுது. கண்ணு உள்ளவன் எவனும் வேற மாதிரி சொல்ல மாட்டான்னும் சேத்து எழுதுங்க!”

வாத்தியார் அப்படியே எழுதினார். சகாயநாதன் பேனாவைப் பிடுங்கி முதல் ஆளாகப் பெரிசாகக் கையெழுத்துப் போட்டு, லூர்துராணியிடம் நீட்டினார்.

“போடும்மா. கரைக்குப் போனப்புறம் யாரும் மாத்திப் பேசக் கூடாது.”

அவள் அவர் பெயருக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டாள்.

படகு கரையில் தட்டுவதற்குள் லூர்துராணி முழங்கால் தண்ணீரில் குதித்தாள். “ஜெயிச்சுட்டோம்!” என்று கத்திக்கொண்டே கீழத்தெருக் கூட்டத்துக்குள் ஓடினாள். கூட்டம் அவளை அப்படியே தூக்கிக்கொண்டது.

சகாயநாதன் ஒன்றும் புரியாமல், கரையோரம் தலையைத் தொங்கப் போட்டு நின்ற தம்பி மகன் கிளமென்டைப் பார்த்தார். “என்னடா இது? தோத்தவ குதிக்கிறா!”

“சித்தம் கலங்காம கேளுங்க பெரியப்பா. நம்ம வெடி வண்டி ரயில்வே கேட்டுல மாட்டிக்கிச்சு, நீங்களும் அப்பவே படகுல போய் உக்காந்துட்டீங்க. அதான் சாமியாரு கீழத்தெரு வாணத்த மொதல்ல கொளுத்தச் சொல்லிட்டாரு!”