ஐந்துக்கு ஐந்து

ஹெட்போனில் என் குரலே எண்ணிக்கொண்டிருந்தது.

இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொம்பது.

ஒலி சரியாக இருக்கிறதா என்று நடுவில் கொஞ்சம் ஓட விட்டுப் பார்ப்பது என் வழக்கம். கை ஒரு நொடி நின்றது. பிறகு பதிவை முதலிலிருந்து போட்டேன்.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு ரிப்போர்ட்டாக அடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. பதிவில் நோயாளியின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். சூப்பர்வைசர் காலையில் சீட்டுக் கட்டைப் பிரிப்பதுபோல் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போவார். என்னைப் பரிசோதித்த பதிவு என் மேசைக்கே வந்து விழும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அந்த அளவுக்கு யோசிக்கிற மனிதர் என்றால் என்னைக் கம்பெனி டாக்டரிடம் அனுப்பியிருக்கவே மாட்டார்.

மதியத்துக்கு மேல் என் வேகம் குறைகிறது. இடது இமை தொங்குகிறது. பேச்சு மூக்கு வழியாகப் போகிறது. மறுநாள் காலையில் எல்லாம் சரியாகிவிடுகிறது.

சூப்பர்வைசர் இதற்கு வைத்த பெயர் நடிப்பு. டாக்டரும் அதையே எழுதினால் மாதக் கடைசியோடு என் வேலை போய்விடும். நோய் என்று எழுதினால் சிகிச்சையும் உண்டு, வேலையும் உண்டு.

நோயின் பெயர் எனக்குத் தெரியும். மயால்ஜியா என்றால் தசை வலி, அட்ரோஃபி தசை மெலிவு, டோசிஸ் இமை தொங்குவது. பதினோரு வருடமாக ஊரில் உள்ளவர்களின் தசையெல்லாம் என் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. என்னுடையது மயஸ்தீனியா. உழைக்க உழைக்கத் தசை ஓய்ந்துபோகும், படுத்து எழுந்தால் தெம்பு திரும்பும்.

அதை டாக்டரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் நெட்டில் படித்துவிட்டு வந்தாயா என்பார். மற்றவர்களை அவர் அப்படிக் கேட்டதையெல்லாம் அடித்தவளே நான்தானே.

என் கையை ஒரே ஒரு முறை அழுத்திப் பார்த்தார். காலை பத்து மணிக்கு, ஒரே ஒரு முறை என்றால் நானும் பயில்வான்தான்.

பதிவின் கடைசியில் அவர் குரல் வந்தது. தசை வலிமை ஐந்துக்கு ஐந்து. பேச்சு தெளிவு. தசைச் சோர்வு இல்லை. நோயாளி மிகைப்படுத்துகிறார்.

அந்த இடத்தை இன்னொரு முறை ஓட விட்டுக் கேட்டேன்.

பக்கத்து இருக்கைக்காரியைக் காற்புள்ளி என்றுதான் கூப்பிடுவோம். மூச்சு விட்ட இடத்திலெல்லாம் ஒன்று போட்டுவிடுவாள். என் முகத்தைப் பார்த்தவள் ஹெட்போனை வாங்கிக் கேட்டாள்.

"மாத்திடுக்கா. 'இல்லை'ங்கிற இடத்துல 'இருக்கு'ன்னு அடி. அந்த ஆளு படிக்கவா போறாரு?"

படிக்க மாட்டார்தான். முப்பது ரிப்போர்ட்டுக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போடுகிறவர். ஒரு சொல்லை மாற்றினால் என் வேலை தப்பிக்கும். ஆசை இருந்தது, பொய் சொல்வானேன்.

"மாட்டேன்டி. அவர் சொன்னது சொன்னபடியே போகட்டும்."

பதினோரு வருடத்தில் யார் பேச்சிலும் ஓர் எழுத்தை மாற்றியதில்லை. என்னை நடிப்புக்காரி என்கிறவர்களுக்கு நானே சாட்சி தயார் செய்து கொடுப்பேனா?

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. பதிவில் நோயாளி பேசினால், காதில் எப்படி விழுகிறதோ அப்படியே அடிக்க வேண்டும். குழறினால் குழறல்தான், திருத்தக் கூடாது. யாரும் அதற்கெல்லாம் மெனக்கெடுவதில்லை. 'நோயாளி பேசினார்' என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தாண்டிவிடுவோம்.

நான் தாண்டவில்லை.

ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அடித்துக்கொண்டே போனேன். முப்பது வரை குரல் சுத்தமாக இருந்தது. நாப்பத்தஞ்சு வந்தபோது 'நாம்மந்நஞ்சு' என்று கேட்டது, அப்படியே அடித்தேன். அறுபது 'அருமநு' ஆனது. எண்பதுக்குப் பிறகு வெறும் மூக்கொலி. அதையும் விடவில்லை.

நூறை அடிக்கும்போது மணி இரண்டு. இடது இமை பாதி இறங்கிவிட்டது. அதை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அடித்தேன்.

அதற்குக் கீழே டாக்டர் சொன்னது, ஒரு புள்ளி பிசகாமல். பேச்சு தெளிவு. தசைச் சோர்வு இல்லை.

நான்கு மணிக்குக் கையெழுத்தோடு திரும்பி வந்தது. இரண்டு பக்கத்திலும் போட்டிருந்தார். கையெழுத்து விழுந்துவிட்டால் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அவர்தான் பொறுப்பு.

ஒரு பிரதியை இணைத்து அன்றைக்கே மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு, எதற்கு இந்த வீண் வேலை என்று சிரித்தார். சிரிக்கட்டும். மேல்முறையீட்டுக் குழுவில் மூன்று தசை நரம்பு டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ரிப்போர்ட்டுகளையும் நான் அடித்திருக்கிறேன். அவர்கள் படிக்கிறவர்கள், பதிவை வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள்.

இந்த நோய்க்கான சோதனையாக நூறு வரை எண்ண வைக்கத் தெரிந்த டாக்டர் பிறகு ஏன் இப்படி எழுதினார் என்று கட்டாயம் கேட்பார்கள்.

உள்ளதைச் சொல்வேன். அவர் என்னை எண்ணச் சொல்லவே இல்லை. வீட்டுத் தரைக்கு என்ன நிறக் கல் போடுவது என்று யாரோ போனில் கேட்க, பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். பதிவுக் கருவி மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, ஒண்ணிலிருந்து ஆரம்பித்தேன்.