மெசினில்தான் பிழை

"பொம்பிளைப் பிள்ளையிட்டைக் காரைக் குடுத்தால் இப்பிடித்தான்" என்று செவ்வாய்க்கிழமை காலை வங்காலைச் சந்தியில் நின்று றொட்னி சொன்னபோது மணி எட்டுக்கூட ஆகவில்லை. மத்தியானத்துக்குள் அந்தப் பேச்சு நானாட்டான்வரை போய்விட்டது.

அவருக்குக் கோபம் வரக் காரணம் இருந்தது. அவருடைய ஹைபிரிட் கார் அரை மணித்தியாலம் ஓடினால் சிவப்பு லைற் எரியும். பிறகு இழுவை இல்லாமல் நடுறோட்டில் நின்றுவிடும். பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு மாற்றிக் கொடுக்கிற கொன்வேட்டர் பெட்டி சூடேறிப் பழுதாகிவிட்டது, முழுசாக மாற்ற வேண்டும், பெட்டி கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை செல்லும் என்று ஒரு பெரிய கராஜில் சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை அவருக்கு யாழ்ப்பாணத்தில் நெஞ்சுக் கிளினிக். தவறவிட்டால் அடுத்த திகதி மூன்று மாதத்துக்குப் பிறகுதான். போன வருசம் வெள்ளாங்குளம் தாண்டிக் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த மனுசன். மனைவி எடித்துக்குக் கார் ஓட்டத் தெரியாது. கொளுத்துகிற வெயிலில் றோட்டில் நின்று, போகிற வாகனங்களுக்கெல்லாம் கை காட்டித்தான் அவரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனா.

வேறு வழி இல்லாமல்தான் வேணுஜாவைக் கூப்பிட்டார். நானாட்டானில் கராஜ் திறந்து இரண்டு மாதமே ஆன பிள்ளை.

திங்கள் பின்னேரம் வந்து பார்த்த வேணுஜா, பெட்டி நல்லாய்த்தான் இருக்கும்போல, அதற்குள் சூட்டை அளக்கிற சென்சரில்தான் சந்தேகம் என்றாள்.

"ராத்திரி முழுக்க ஆறின காரில எல்லாச் சென்சரும் ஒரே சூட்டைத்தான் காட்டவேணும், அங்கிள். மாறிக் காட்டுறதுதான் பொய் சொல்லுது. விடிய ஆறேகாலுக்கு நான் வாறன். அதுவரைக்கும் ஒருத்தரும் ஸ்ராட் பண்ணக்கூடாது."

றொட்னி தலையாட்டினார். எடித் அப்போது கோயிலில் அன்பியக் கூட்டத்துக்குப் போயிருந்தா. வந்த பிறகும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கார் விசயங்களை வீட்டுக்காரியிடம் சொல்லுகிற பழக்கம் அவரிடம் கிடையாது.

செவ்வாய் காலை, அஞ்சு மணிப் பூசை முடிந்து றொட்னி சைக்கிளில் வீடு திரும்பியபோது வேணுஜா சொன்னபடி வாசல் படலையில் நின்றாள். எடித் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. கூட்டின இடத்தையே திரும்பவும் கூட்டினா.

வேணுஜா காருக்குள் ஏறி, சென்சர்களை வாசிக்கிற ஸ்கானர் மெசினைச் செருகினாள். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சீற்றைக் கடைசிவரைக்கும் பின்னுக்குத் தள்ளினாள். பிறகு இறங்கி வந்தாள்.

"மன்னிக்கோணும், அங்கிள். என்ர மெசினில பிழை. நாளைக்கு இன்னொருக்கா வாறன். இண்டைக்கு ராத்திரியும் ஒருத்தரும் காரைத் தொடவேண்டாம்." கடைசி வசனத்தைக் கொஞ்சம் பலமாகவே சொன்னாள்.

றொட்னி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் மூன்று தலைகள் தெரிந்தன. வேணுஜா மெசினைப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். அங்கேயிருந்துதான் மனுசன் சந்திக்குப் போனார். அங்கே அவருடைய பேச்சைக் கேட்ட ஊர்க்காரர் சிங்கராசா, அவளிடம் விடுவதாக இருந்த தன் வானை வேறு கராஜுக்குக் கொண்டுபோய்விட்டார்.

புதன் காலையும் அவள் ஆறேகாலுக்கு வந்து நின்றாள். இந்த முறை றொட்னியையும் பக்கத்தில் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். இஞ்சின் இருபத்தேழு பாகை. பற்றரி இருபத்தேழு. மோட்டர் இருபத்தேழு. கொன்வேட்டர் மட்டும் எண்பத்துநாலு.

"ராத்திரி முழுக்கச் சும்மா நிண்ட பெட்டிக்கு எப்பிடி அங்கிள் சூடு வரும்? இதை நம்பித்தான் கார் தன்னைத்தானே நிப்பாட்டுது."

சுண்டுவிரல் அளவு சென்சர். கொண்டுவந்திருந்த புதுசைப் போட்டாள். றொட்னி தானே ஓட்டிக்கொண்டு மன்னார் தாம்போதிவரை போய் வந்தார். லைற் எரியவில்லை. மனுசன் காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். கோபக்காரர்தான், ஆனால் உள்ளதை மறைக்கத் தெரியாது.

"பெரிய கராஜுக்கே பிடிபடாததைப் பிடிச்சிட்டீர். உமக்கு நல்ல மூளை, பிள்ளை. அந்த மெசினை மட்டும் மாத்தும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

எடித் தேத்தண்ணி கொண்டுவந்தா. கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டதும் குரலைத் தணித்தா.

"நேற்று மெசின் பிழைச்சது மெய்யோ, பிள்ளை?"

"இல்லை, அன்ரி. அது சரியாத்தான் காட்டினது. இஞ்சின் அறுபது பாகையில இருந்தது. கொஞ்சம் முந்தித்தான் ஆரோ ஓடிப்போட்டு நிப்பாட்டியிருக்கினம்."

எடித்தின் கண் கலங்கிவிட்டது. கார் ஓடப் பயிற்சிப் பெமிற் எடுத்து இரண்டு மாதமாம். அவர் பூசைக்குப் போகிற நேரத்தில்தான் தரவை வெளிக்குள் ஓடிப் பழகுகிறாவாம். காரைத் தொடக்கூடாது என்று ஒருத்தரும் சொல்லவில்லையாம்.

"அவருக்குச் சொன்னால் சிரிப்பார். ஆனா, இன்னொருக்கா றோட்டில நிண்டு கை காட்ட என்னால ஏலாது, பிள்ளை. ஊரெல்லாம் உம்மை எவ்வளவு பேசிப்போட்டார். நீர் ஏன் வாயே திறக்கேல்லை?"

வேணுஜா தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்.

"லைசன்ஸ் சோதினை எப்ப, அன்ரி?"

"வாற மாசம்."

"அப்ப விடாமல் ஓடுங்கோ. இறங்கேக்க மட்டும், முன்னுக்கு இழுத்த சீற்றைப் பின்னுக்குத் தள்ளிவிட மறக்காதேங்கோ. நேற்று அங்கிள் காண முதல் நான்தான் தள்ளிவிட்டனான்."