கோளாறு எங்கே?

"கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு. என்னன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார் அந்த அம்மா. வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். ஆனால் கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி தலை வாரி, இஸ்திரி போட்ட புடவையில் இருந்தார்.

அரை மணி நேரம் குடைந்ததில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அம்மா, யாரோ இதுல வேவு பாக்கற புரோகிராம் போட்டிருக்காங்க. ரெண்டு வருஷமா தினமும் காலையில எட்டு மணிக்கு இந்தக் கேமரா வழியா உங்களைப் பாத்திருக்காங்க!"

அவர் பதறவே இல்லை. "எவ்வளவு நேரம்?" என்றார்.

"கால் மணி நேரம். இதை வேற யார் தொட்டாங்க?"

"என் மகன்தான். சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போனவன், அதுக்கு முந்தின நாள் இதை நோண்டிக்கிட்டிருந்தான். அதுக்கப்புறம் ஒரு போன்கூடக் கிடையாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்த தாயையே வேவு பாக்கறாரா? இதோ, இப்பவே அழிச்சுடறேன்."

"ஐயையோ, அதுல கையை வைக்காதீங்க!" என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அவன் பாக்கறப்ப கேமரா பக்கத்துல பச்சை விளக்கு எரியும். நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி முன்னாடி உக்காந்திருப்பேன். பதினோரு நாளா விளக்கு எரியலை. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

மறுபடி எல்லாவற்றையும் பார்த்தேன். புரோகிராமில் ஒரு குறையும் இல்லை. பார்க்கிறவர்தான் நிறுத்தியிருந்தார்.

"கோளாறுதானே தம்பி?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, கோளாறுதான்" என்றேன்.