ஒன்பது போக மூன்று

வெள்ளைக்காரன் காலத்தில் பினாங்குத் தெருக்களை அடைத்து மோட்டார் சைக்கிள் பந்தயம் விடுவார்கள், பிள்ளைகளே. மொத்தம் பன்னிரண்டு சுற்று. ஒன்பது சுற்று முடித்த அர்ஜுனன், தன் வீட்டு முனை வளைவில் விழுந்து இறந்துபோனார். அதன்பிறகு அந்தத் தெருவைப் பந்தயப் பாதையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஆனால் மறுவருடம் பந்தய நாளில், அங்கே வண்டிச் சத்தம் ஒருமுறை கடந்துபோனது. அடுத்த வருடமும் ஒரேமுறை.

மூன்றாம் வருடம் அவர் மனைவி புஷ்பவள்ளி கதவை அகலத் திறந்துவைத்து வாசலில் நின்றாள்.

“அக்கா, ரேசு அந்தப் பக்கம்லா. இங்க ஆடுகூட ஓடாது!” என்று சிரித்தார் எதிர்வீட்டு நல்லமுத்து.

“இது கடைசிச் சுத்து, தம்பி. முடிஞ்சா வீட்டுக்குத்தானே வரணும்? அவரு வராமலா போயிடுவாரு?”

சத்தம் வந்தது. வாசலருகே நின்றது.

தன் வீட்டுக்குள் போயிருந்த நல்லமுத்து எட்டிப் பார்த்தார். புழுதியில் சக்கரத் தடம் படிவரை போயிருந்தது. திரும்பிய தடம் இல்லை. வாசலில் புஷ்பவள்ளியும் இல்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.