மீசை மட்டும் பாக்கி

"பெரிய மீசை வச்ச ஆளா? அதுக்கு நான் எங்க போவேன்லா!"

ஜெயபாலன் போட்ட சத்தத்தில், மடியில் தூங்கிய நாய்க்குட்டி கோப்பி முழித்துக்கொண்டது.

மனைவி சரளா போனைப் பார்த்துப் படித்தாள். "நாய் டாக்டர் அனுப்பின லிஸ்டுங்க. நாலு மாசத்துக்குள்ள குட்டி எல்லா மாதிரி ஆளையும் பார்த்துப் பழகணுமாம். இல்லேன்னா பெருசானதும் கடிச்சு வைக்குமாம். தொப்பிக்காரங்க ஆச்சு, குடை பிடிச்சவங்க ஆச்சு. மீசை மட்டும் பாக்கி."

சிம்பாங் பூலாயில் அவர்கள் தாமான் குடியிருப்பில் பெரிய மீசை ஒன்றே ஒன்றுதான். எதிர்வீட்டுக் கார்த்திகேசு.

அவரோடு ஜெயபாலன் பேசி நாலு வருஷம். ஒரே எஸ்டேட்டில் அடுத்தடுத்த லயத்து வீட்டில் வளர்ந்தவர்கள். சண்டை சொத்துக்கா, சுகத்துக்கா? கோயில் திருவிழா நோட்டீசில் கார்த்திகேசு தன் பேரை மேலே போட்டு, இவர் பேரைக் கீழே போட்டுவிட்டார். அவ்வளவுதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று ஜெயபாலனுக்கே தெரியும். அதனால்தான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"அவன் வாசல்ல கால் வைக்க மாட்டேன்."

"சரி. நாளைக்கு எவனாச்சும் மீசைக்காரனைக் கடிச்சு வச்சா, கோப்பியை யாருக்காச்சும் குடுத்துட வேண்டியதுதான்."

ஜெயபாலன் குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் கோலாலம்பூருக்குப் போன பிறகு, அவரைக் கண்டதும் ஓடிவருகிற ஒரே ஜீவன் அது.

மூளை வேலை செய்தது. சரளாவின் கண்மையை எடுத்துத் தனக்குத்தானே மீசை வரைந்துகொண்டு, கம்பீரமாகக் குட்டியைத் தூக்கினார். ஒரே நக்கு. பாதி மீசை காணோம்.

"நெஜ மீசைன்னு போட்டிருக்குங்க," என்றாள் சரளா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வேறு வழி? ஐம்பத்தெட்டு வயசு மனுசன், ஒட்டியிருந்த பாதி மீசையோடு ரோட்டைத் தாண்டினார். கேட்டைத் தட்டுவதற்குள் கார்த்திகேசு வந்து திறந்துவிட்டார்.

"கோப்பிக்கு... மீசை பழகணும்."

நாலு வருஷம் கழித்துப் பேசிய முதல் பேச்சு! ஜெயபாலனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கார்த்திகேசு குட்டியை வாங்கி முகத்தோடு அணைத்துக்கொண்டார். அது மீசையைக் கவ்வி ஒரு இழுப்பு இழுத்தது.

"ஐயோ, மெதுவாடா!"

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெயபாலனுக்கும் வந்தது. இவர் மீசையை யார் இழுத்தார்கள்?

"பயிற்சி முடிஞ்சிச்சா மச்சான்?"

"முடிஞ்சிச்சு."

"அப்பாடா! வா, டீயைக் குடிச்சிட்டு ஈப்போ முருகன் கோயிலுக்குப் போலாம். நேர்ந்துகிட்ட மொட்டை. போன வாரமே மீசையோட சேத்து எடுத்திருக்கணும். சரளாதான் போன் போட்டு, 'ஒரு வாரம் பொறுங்கண்ணே, அவரு உங்க மீசையைத் தேடி வருவாரு'ன்னுச்சு. முருகன்கிட்ட தவணை கேட்டுட்டு, அன்னையிலேருந்து உன் கேட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்லா!"