முழுக்கைச் சட்டை

"அவ கையால ஆக்குனத இனிமே எங்க புள்ளைக சாப்பிடாது சாரு. இன்னைக்கே நிப்பாட்டுங்க."

ஊர்த் தலைவர் அம்பலம் செல்லமுத்து பள்ளிக்கூட வாசலில் நின்று கத்தினார். அவருக்குப் பின்னால் பாதி ஊர்.

தலைமையாசிரியர் ஆவுடையப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனி மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டால் வியர்க்காமல் என்ன செய்யும்?

விஷயம் இதுதான். காசநோய்த் தடுப்பு ஊசிக்காரர்கள் ஜீப்பில் வந்து, பிள்ளைகளுக்கும், மதியச் சாப்பாடு ஆக்கும் காத்தாயிக்கும், ஆவுடையப்பனுக்கும் முன்கையில் சோதனை ஊசி குத்திவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாளான இன்று காலை திரும்பி வந்து பார்த்தார்கள். கை வீங்காதவர்களுக்கு மட்டும் தடுப்பு ஊசி. காத்தாயிக்கு நாலணாக் காசு அகலத்துக்கு வீங்கியிருந்தது. "ஒனக்கு வேண்டாம்மா, போ" என்று எல்லார் முன்னாலும் வரிசையிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

அவ்வளவுதான். அவளுக்குச் சயரோகம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அது அப்படியில்லை என்று அங்கே ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். ஆவுடையப்பனுக்கு. ஊசிக்காரர் ஆத்மநாதன், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்கு நிதானமாக விளக்கியிருந்தார்.

"பயப்படாதீங்க சார். ஊசியில இருந்தது கிருமி இல்ல. காசநோய்க் கிருமியிலேருந்து பிரிச்சு எடுத்த புரதம். அந்தக் கிருமி என்னைக்கோ ஒடம்புக்குள்ள புகுந்திருந்தா, ஒடம்பு இத அடையாளம் கண்டுக்கிட்டு வீங்கும். நோய் வந்துருச்சுன்னு அர்த்தமில்ல. பெரியவங்கள்ல பாதிப் பேருக்கு வீங்கத்தான் செய்யும்."

ஆத்மநாதன் இதைச் சொன்னது ஆவுடையப்பனின் இடது கையைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கையும் நன்றாக வீங்கியிருந்தது.

"வெளியில சொல்லிடாதீங்க. ஆவணியில மூத்த பொண்ணுக்குக் கல்யாணம். பொன்னமராவதி சம்பந்தம்" என்று ஆவுடையப்பன் கெஞ்சினார். ஆத்மநாதனும் தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

இப்போது கையைக் காட்டி, "எனக்கும்தான் வீங்கியிருக்கு, இது நோய் இல்லை" என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். முப்பது வருஷமாகப் பாடம் சொன்ன வாய்க்கு அந்த நாலு வார்த்தை வரவில்லை.

"எனக்கு இருமல்கூடக் கெடையாதுங்க" என்றாள் காத்தாயி. "இந்த வேலைய நம்பித்தான் என் ரெண்டு புள்ளைகளும் கஞ்சி குடிக்குதுக. சாரு, நீங்களாச்சும் சொல்லுங்க."

சார் தரையைப் பார்த்தார்.

செல்லமுத்து சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். "அது சரி, ஒங்களுக்கும் குத்துனாங்களே சாரு. ஒங்களுக்கு எப்படி?"

ஆவுடையப்பனின் வலது கை, இடது கைச் சட்டைப் பொத்தானைப் போய்ப் பிடித்துக்கொண்டது.

"அவுகள எதுக்குங்க இழுக்குறீங்க?" என்று காத்தாயி குறுக்கே புகுந்தாள். "வீங்குனது எனக்கு. நான் போயிக்கிறேன்."

கூட்டம் அடங்கியது. ஆவுடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெட்கங்கெட்ட உயிர்! பாவம், வெள்ளந்தி, விவரம் தெரியாமல் நம்மைக் காப்பாற்றிவிட்டாள் என்று உள்ளுக்குள் பரிதாபம்கூடப் பட்டுக்கொண்டார்.

எல்லாரும் கலைந்த பிறகு சமையற்கட்டுச் சாவியைக் கொண்டுவந்து நீட்டினாள். அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கூசியது.

"ரெண்டு மாசம் போகட்டும் காத்தாயி. ஏதாச்சும் பண்றேன்" என்று முனகினார்.

"சரிங்க."

படியிறங்கப் போனவள் நின்றாள். அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்துக் கை கழுவத் தண்ணி ஊத்தயில பாத்தேன் சாரு. ஒங்களுக்கு என்னையவிடப் பெருசா வீங்கியிருக்கு. பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடியணும்ல, இன்னும் நாலு நாளைக்கு முழுக்கைச் சட்டையவே போட்டுக்கிட்டு வாங்க."